ரெஜினாவின் காது

என்ஜினுக்கு ஒரு பெண்ணின் காது பொருத்தப்பட்டிருப்பதாக நாளிதழ் ஒன்று எழுதியிருந்தது. பக்கத்தில் ரெஜினாவின் படம். பெரிய விசிறித் தகடுகளுக்கு முன்னால் கைகட்டி நின்றாள். அந்தப் படத்தை எடுத்தபோது உமையாளும் பக்கத்தில்தான் இருந்தாள். கொஞ்சம் தள்ளி நிற்கும்படி புகைப்படக்காரர் அவளிடம் சொன்னார். வெளிச்சத்தை மறைக்கிறாளாம்.

காலையில் காரைக்குடியிலிருந்து அம்மா போன் செய்தார். பேப்பரில் வந்திருக்கும் தூத்துக்குடிப் பெண் உன்னோடு வேலைக்குச் சேர்ந்தவள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றாள். படத்தில் நீ எங்கே என்றார். நான் வேலையில் இருக்கிறேன் என்று சொல்லி உமையாள் போனை வைத்துவிட்டாள்.

ஓசூருக்கு வெளியே, தேன்கனிக்கோட்டை சாலையில் அந்தச் சோதனைக் கூடம் இருந்தது. குறுந்தூரப் பயணிகள் விமானத்துக்கான டர்போஃபேன் என்ஜினை அங்கே பல வருடங்களாக உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். கடல் கடந்து போகும் விமானம் ஒருமுறை ஏறி, பத்து மணி நேரம் கழித்து ஒருமுறை இறங்கும். சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் போகிற விமானம் ஒரே நாளில் எட்டு முறை, பத்து முறை ஏறி இறங்கும். ஏறும்போது என்ஜின் கொதிக்கும். இறங்கியதும் ஆறத் தொடங்கும். முழுதாக ஆறுவதற்குள் மறுபடி கொதிக்க வேண்டும். என்ஜினைத் தேய்ப்பது தூரத்தைவிட இந்தச் சூடும் ஆறலும்தான். அதனால் இந்த என்ஜின்களை அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு சின்ன ஊரிலும் தேர்ந்த ஆட்களை வைத்திருக்க வேண்டும். கட்டுப்படியாகாமல் பல ஊர்களின் விமான சேவை ரிப்பன் வெட்டிய வேகத்திலேயே நின்றுபோயிருந்தது.

என்ஜினே தன்னைக் கேட்டுக்கொண்டால் என்ன என்று கோமதிநாயகம் யோசித்தார். அவர்தான் திட்டத்தின் தலைவர். சங்கரன்கோவில்காரர். சேர்ந்த முதல் வாரத்தில் அவர் இளம் பொறியாளர்களிடம் சொன்னது உமையாளுக்கு அப்படியே நினைவிருந்தது.

"நல்ல மெக்கானிக் என்ன செய்யுதான்? பக்கத்துல போய் நின்னு கேக்கான். நல்லாருக்குங்கான். இல்லன்னா மூஞ்சியச் சுளிக்கான். ஏன்னு கேட்டா அவனுக்கே சொல்லத் தெரியாது. சொல்லத் தெரியாதத எழுத முடியாது. ஆனா கூடவே உக்காந்து கத்துக்கிடலாம்லா."

அப்படித்தான் 'செவி' உருவானது. என்ஜினைச் சுற்றி ஒலிவாங்கிகள் வைத்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கட்டுப்பாட்டு அறையிலும் ஒன்று வைத்தார்கள். என்ஜின் போடும் சத்தத்தையும், அதைக் கேட்டு அறையில் இருப்பவர்கள் பேசுவதையும் செவி சேர்த்துச் சேர்த்துக் கேட்டது. ஒவ்வொரு என்ஜினையும் பிரித்துப் பார்த்த பிறகு, யார் சொன்னது சரியாக இருந்தது என்று ஒப்பிட்டுக்கொண்டது. சரியாகச் சொன்னவர்களின் குரலுக்கு மதிப்பு கூடியது. தவறியவர்களின் குரல் மெல்ல மெல்ல விலக்கப்பட்டது. இரண்டு வருட முடிவில் ஒரே ஒரு குரல் மிஞ்சியது. அது ரெஜினாவுடையது.

உமையாளின் பெயருக்கு எதிரே போதிய பதிவு இல்லை என்று இருந்தது.

அதில் பொய் இல்லை. உமையாளின் குரல் அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைத் தாண்டாது. கல்லூரியில் வருகைப் பதிவு எடுக்கும்போதே பாதி நாள் அவளுக்கு ஆப்சென்ட் விழும். கட்டுப்பாட்டு அறையில் அவள் ரெஜினாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏதாவது கேட்டால் ரெஜினாவின் பக்கம் சாய்ந்து முணுமுணுப்பாள். "பின்பக்கம் லேசா உரசுதாம் சார்" என்று ரெஜினா அதை உரக்கச் சொல்வாள். 'உமா சொல்றா' என்று சேர்த்துக்கொள்வதும் உண்டு, விட்டுவிடுவதும் உண்டு. செவிக்கு இரண்டும் ஒன்றுதான். அது ரெஜினாவின் குரல்.

அந்தக் காதில் பாதி என்னுடையது. இந்த வாக்கியத்தை உமையாள் பேருந்தில், குளியலறையில், மாதாந்திரக் கூட்டங்களில் மனதுக்குள் பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். எப்படிச் சொன்னாலும் அசிங்கமாக இருந்தது.

ரெஜினா வெளிநாட்டில் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்து சாக்லேட் கொடுத்தாள். எல்லோருக்கும் ஒன்று, உமையாளுக்கு மட்டும் பெரிய பெட்டி. உமையாள் அதைத் திறக்காமல் மேசை இழுப்பறையில் வைத்திருந்தாள். எறும்புகள் திறந்தன. ரெஜினாவுக்குத் தனி அறை கொடுத்தார்கள். ரெஜினா அதில் உட்காராமல் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒருமுறை ரெஜினாவுக்குச் சளி பிடித்து இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. உமையாளுக்குச் சட்டென்று உள்ளே ஒரு குளிர்ச்சி. இனி ரெஜினாவின் காது அடைத்தாலும் ஒன்றும் ஆகாது, அது இயந்திரத்துக்குள் போய்விட்டது என்பது அப்புறம்தான் உறைத்தது.

செவி மூன்று விஷயங்களைச் சொல்லும். 'நல்லா இருக்கு.' 'பரவாயில்ல.' 'நிறுத்து.' ரெஜினா பயன்படுத்திய சொற்களையே அதன் வகைகளாக வைத்துவிட்டார்கள். முதல் இரண்டுக்கும் விமானியின் திரையில் பச்சை விளக்கு எரியும். 'பரவாயில்ல' என்றால் எதிர்பார்த்ததைவிட மோசமில்லை, தாங்கும், பறக்கலாம் என்று பொருள். அனுமதி கொடுக்கும் அதிகாரிகளுக்கு அப்படித்தான் விளக்கிச் சொன்னார்கள். பச்சை எரிந்தால் அடுத்த பயணத்துக்கு முன் எந்த மெக்கானிக்கும் என்ஜினைப் பார்க்க வேண்டியதில்லை. குறைந்த கட்டணம் சாத்தியமானது அதனால்தான்.

கடைசிக் கட்டமாக, எழுபது பேர் அமரும் விமானம் ஒன்றைப் பயணிகள் இல்லாமல் சேலத்துக்கும் சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் ஓட்டிப் பார்த்தார்கள். திங்கட்கிழமை முதல் பயணிகளை ஏற்றுவதாக அறிவித்தாகிவிட்டது. ரெஜினா தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள். சேலத்தில் நின்று பார்வையிட உமையாளை அனுப்பினார்கள்.

அங்கே அவளுக்குத் துணையாக அமீர்தீன் என்ற மெக்கானிக் இருந்தார். ஒப்பந்த ஊழியர். பச்சை விளக்கு வந்தால் அவருடைய ஒப்பந்தம் மாத முடிவோடு சரி. அதை முதல் நாளே சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். மூத்த மகள் நர்சிங் படிக்கிறாள், சின்னவள் இன்னும் பள்ளிக்கூடம் என்றும் சொன்னார்.

புதன்கிழமை மதியம் விமானம் வந்து நின்றது. விமானி என்ஜினை அணைத்தார். அணைத்தாலும் விசிறி உடனே நிற்காது. வேகம் குறைந்து, ஒவ்வொரு தகடாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கி, காற்றில் தானாகச் சுற்றுவது போலச் சுற்றி அடங்கும். சோதனைக் கூடத்தில் இதைச் சுழல் தணியும் நேரம் என்பார்கள். எல்லோரும் காதுக் கவசத்தைக் கழற்றிவிட்டு டீ பற்றிப் பேசத் தொடங்கும் நேரம் அது. செவியோ அந்த நேரத்தில்தான் மிகக் கவனமாகக் கேட்கும். இரைச்சல் அடங்கியபின், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளின் குரல் தனியாக வெளியே வரும்.

உமையாளுக்கு ஒரு சத்தம் கேட்டது. நகத்தால் தகரத்தைத் தொடுவது போல. தொட்டு, விட்டு, மறுபடி தொட்டு.

"உங்களுக்கு ஏதாச்சும் கேக்குதாண்ணே?" என்றாள்.

அமீர்தீன் காதைச் சாய்த்துக் கேட்டார். "ஒண்ணும் கேக்கலீங்களே. என்னங்க மேடம், ஏதாச்சும் கோளாறா?" அவர் குரலில் இருந்த ஆசை அவளைச் சங்கடப்படுத்தியது.

திரையில் பச்சை. 'பரவாயில்ல.'

அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கமானது. சோதனைக் கூடத்தில் எப்போதாவது கேட்டிருக்கிறாள். அடுத்த பயணத்திலும் கேட்டாள். அதற்கடுத்த பயணத்தில் இல்லை. மாலைப் பயணத்தில் மறுபடி இருந்தது. அமீர்தீனுக்கு ஒருமுறையும் கேட்கவில்லை.

தனக்குக் கேட்பது என்ஜினா என்று உமையாள் தன்னையே கேட்டுக்கொண்டாள். ரெஜினாவின் காது தவற வேண்டும் என்று அவள் எத்தனை நாள் வேண்டியிருக்கிறாள். பொறாமைக்கும் ஒரு காது இருக்கிறது. அது கேட்க விரும்பியதைக் கேட்கும்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று செவியைக் கேட்க முடியும். எந்தப் பாடத்திலிருந்து அதைக் கற்றதோ அந்தப் பதிவையே எடுத்து ஒலிக்கும். விமான நிலையத்தின் சின்ன அறையில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உமையாள் கேட்டாள்.

சோதனைக் கூடத்தின் ஒலி வந்தது. விசிறி அடங்குகிறது. நகம் தகரத்தைத் தொடுகிறது. ரெஜினாவின் குரல்: "பரவாயில்லட்டி."

அடுத்த பாடம். அதே சத்தம். "பரவாயில்ல, விடு."

இன்னொன்று. "ஏ, பரவாயில்லட்டி."

அப்படியானால் ரெஜினாவுக்கும் கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டு, பரவாயில்லை என்றிருக்கிறாள். தவறிவிட்டாள். தூத்துக்குடிக்காரியின் தங்கக் காது தவறிவிட்டது. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகுதான் அந்த 'ட்டி' உறுத்தியது. ரெஜினா தோழிகளைத்தான் ஏட்டி என்பாள். ஒருநாளும் என்ஜினை அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஒலியைக் கூட்டி மறுபடி கேட்டாள். ரெஜினா பேசுவதற்குச் சற்று முன், விசிறியின் மூச்சுக்கு அடியில், இன்னொரு மூச்சு. சொற்கள் இல்லை. வெறும் காற்று. ஆனால் என்ன சொற்கள் என்று உமையாளுக்குத் தெரியும், ஏனென்றால் அவள் எப்போதும் அதையேதான் சொல்வாள். சாரி ரெஜி, ஏதோ கேட்ட மாதிரி இருந்துச்சு. ஒண்ணுமில்ல போல. சாரி.

அவள் சொன்ன சாரி ஒலிவாங்கியை எட்டவில்லை. அதற்கு ரெஜினா சொன்ன பதில் மட்டும் எட்டியிருக்கிறது. அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் உமையாள் மன்னிப்புக் கேட்டாள். அவள் மன்னிப்புக் கேட்கும்போதெல்லாம் ரெஜினா பரவாயில்லை என்றாள். செவி நல்ல மாணவி. இந்தச் சத்தம் வந்தால் பரவாயில்லை என்று கற்றுக்கொண்டது.

உமையாள் ஹெட்போனைக் கழற்றினாள். இத்தனை நாள் ஒருத்தி தனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். அவளைப் பார்த்துத்தான் எரிந்துகொண்டிருந்தோம் என்று நினைத்தபோது முகம் சுட்டது. இப்போது வாயைத் திறந்தால் ரெஜினாவின் காது கீழே விழும். திறக்காவிட்டால் திங்கட்கிழமை எழுபது பேர் ஏறுவார்கள். திறந்தாலும் யார் நம்புவார்கள். சோதனைக் கூடத்தில் டீ கொண்டுவரும் அம்மாவுக்குக்கூட உமையாளின் பொறாமை தெரியும். ஒருமுறை இரண்டு கோப்பைகளை வைத்துவிட்டு, ரெஜினா மேடத்துக்குக் கொடுத்ததும் இதே டீதாம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஓசூரில் கடைசிக் கூட்டம். நீண்ட மேசை. கோமதிநாயகம், விமான நிறுவனத்துக்காரர்கள், அனுமதி கொடுக்கும் அதிகாரிகள் இருவர், ரெஜினா. சேலம் பார்வையாளர் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று வழக்கத்துக்காகக் கேட்டார்கள். உமையாள் பேசினாள். யாருக்கும் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லும்மா," என்றார் கோமதிநாயகம்.

அவள் எழுந்து நின்றாள். நின்றால் குரல் கொஞ்சம் கூடும் என்று நினைத்தாள். பின்பக்க பேரிங்கில் சத்தம் வருகிறது, செவி அதைத் தவறாகக் கற்றிருக்கிறது, திங்கட்கிழமை பறக்கக் கூடாது என்றாள். விமான நிறுவனத்துக்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். ரெஜினா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதே பேரிங்கைப் பலமுறை பிரித்துப் பார்த்தோமே, சுத்தமாக இருந்ததே என்றார் கோமதிநாயகம். இங்கே சோதனை முடிந்தால் என்ஜின் இரவு முழுக்க ஆறுகிறது, அதனால் சத்தம் வந்தாலும் விரிசல் வரை போவதில்லை என்று உமையாள் சொன்னாள். அங்கே அரை மணி நேரத்தில் மறுபடி கிளப்பிவிடுகிறார்கள்.

கோமதிநாயகம் அவளையே பார்த்தார். பிறகு எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். "உமையாள், நேரடியாவே கேக்கேன். ஒனக்குக் கோளாறு என்ஜின் மேலயா, ரெஜினா மேலயா?"

இல்லை என்று சொல்லத்தான் உமையாள் வாயைத் திறந்தாள்.

"ரெண்டு மேலயும்தான் சார்," என்றாள். "ரெஜினா மேல எனக்குப் பொறாமை இருக்கு. ரொம்ப நாளா இருக்கு. ஆனா பேரிங்ல இருக்கறது பேரிங்லதான் சார் இருக்கு. நான் பொறாமைப்படலன்னா அது போயிடுமா?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் பதிவை ஒலிக்கவிட்டாள். விசிறி அடங்கியது. பரவாயில்லட்டி என்றது ரெஜினாவின் குரல். அறை முழுக்கப் பெரிதாகக் கேட்டது.

"இது யாரைப் பாத்துச் சொன்னது?" என்று கோமதிநாயகம் ரெஜினாவைக் கேட்டார்.

ரெஜினா மேசையிலிருந்து கண்ணை எடுத்தாள். அவள் ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், என்ஜினைப் பார்த்துத்தான் சொன்னேன் என்று. காது அவளுடையது. யாரும் மேலே கேட்கப் போவதில்லை.

"இவளைப் பாத்துத்தான் சார்," என்றாள்.

அன்றே என்ஜினை இறக்கினார்கள். மறுநாள் பிரித்தார்கள். பின்பக்க பேரிங்கில், உருளைகளைப் பிடித்து வைத்திருக்கும் வளையத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. இன்னும் சில வாரம் தாங்கியிருக்கலாம், சில நாளிலும் போயிருக்கலாம் என்றார்கள். திங்கட்கிழமை விமானம் ரத்தானது. தொழில்நுட்பக் காரணங்கள் என்று அதே நாளிதழ் உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டது. செவியை அடியிலிருந்து மறுபடி கற்பிக்க வேண்டும். திட்டம் ஒரு வருடமாவது தள்ளிப்போகும். ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டதாக அமீர்தீன் போன் செய்து சொன்னார். அல்லா உங்கள நல்லா வைக்கட்டும் மேடம் என்றார். தூத்துக்குடியிலும் சேலத்திலும் டிக்கெட் வாங்கியிருந்தவர்கள் பேருந்தில் போனார்கள்.

ரெஜினாவின் தனி அறையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் புகைப்படம் எடுக்கவும் யாரும் வரவில்லை.

அடுத்த வாரம் முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சனிக்கிழமை மதியம் கேன்டீனில் ரெஜினா தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. கேன்டீனில் காற்றாடி ஓடியது, பாத்திரங்கள் உருண்டன, இரண்டு மேசை தள்ளி யாரோ கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உமையாள்தான் முதலில் பேசினாள். இத்தனை நாள் நீ எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாய், நான் உன்னைப் பற்றி என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன், கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் வேறு சொல்லிவிட்டேன் என்றாள். கடைசியில், "நீ எம் மேல வச்ச பாசமே உனக்கு வினையாப் போச்சு," என்றாள்.

ரெஜினா நிமிர்ந்தாள். "பாசமா?"

"பரவாயில்லன்னு சொன்னதுதான்."

ரெஜினா சாதத்தைத் தள்ளி வைத்தாள். பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, உமையாள் வழக்கமாகப் பேசுவாளே அப்படி, நாற்காலியைத் தாண்டாத குரலில் பேசினாள்.

"எனக்கு அந்தச் சத்தம் ஒருநாளும் கேட்டதே இல்லட்டி. நீ சாஞ்சு ஏதோ கேக்குன்னு சொல்லும்போதெல்லாம் நானும் மூச்சப் புடிச்சிட்டுக் கேட்டுப் பாப்பேன். ஒண்ணும் இருக்காது. வயிறு அப்படி எரியும். ஒடனே நீயே சாரின்னுருவ. அப்பாடான்னு இருக்கும். மேல நீ பேசிறக் கூடாதுன்னு சட்டுன்னு பரவாயில்லன்னுருவேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "பொறாமைதான். வேறென்ன."

உமையாள் கோபத்துக்காகக் காத்திருந்தாள். வர வேண்டியதுதான். எழுபது பேர் ஏறியிருப்பார்கள். ஒரு வருட வேலை போயிற்று. இரண்டு வருடம் இவள் என் வாயை அடைத்திருக்கிறாள், நானும் அடைக்கக் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கோபம் வரவில்லை. வயிற்றுக்குள்ளிருந்து இதமாக வேறொன்று ஏறி வந்தது. அதை முகத்தில் காட்டாமலிருக்கத் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தாள்.

ரெஜினா சொன்ன ஒவ்வொரு எழுத்தும் அவளுக்குக் கேட்டிருந்தது. சொல்வதற்கு முன் இழுத்த மூச்சுகூடக் கேட்டிருந்தது.

"ஒரே சத்தமா இருக்கு ரெஜி," என்றாள். "சரியாக் காதுல விழல. இன்னொரு தடவ சொல்லேன்."

ரெஜினா அவளை நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பும்படி, உரக்க, முதலிலிருந்து சொன்னாள்.